ஒதுக்கி நிறுத்தப்பட்ட சாட்சி

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிற அறையில் போன தடவை ஒரு நண்பர் கேட்டார்: "இன்னும் எதுக்குங்க இந்த வெள்ளைக்காரங்களோட தலகாணி நாவலெல்லாம்? காலேஜ்ல திணிச்சாங்க, படிச்சோம், பாஸ் பண்ணோம். அதுக்குப் பிறகு சயீத் வந்து எல்லாத்தையும் புட்டு வச்சிட்டாரு. இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழணுமா?" என் பையில் 'ப்ளீக் ஹவுஸ்' இருந்ததை அவர் பார்த்துவிட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. டிக்கன்ஸின் மனிதாபிமானம், எலியட்டின் ஆழம் என்று ஏதோ உளறினேன். இரண்டுமே பதிலில்லை. மனிதாபிமானத்துக்காக ஆயிரம் பக்கம் யாரும் படிக்க வேண்டியதில்லை.

என்னுடைய காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டிய ஒரு சம்பவத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் குடிசைகள் எரிக்கப்பட்ட ஓர் ஊருக்கு உண்மை அறியும் குழு ஒன்றில் போயிருந்தேன். பெரியவர்கள் பேசத் தயங்கினார்கள். பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன் மட்டும் தானாக வந்து, எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், முன்னால் வந்தவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம், மண்ணெண்ணெய் டின்னை யார் தூக்கிவந்தது என்றெல்லாம் வரிசையாகச் சொன்னான். எழுதிக்கொண்டேன். இரவு லாட்ஜில் உட்கார்ந்து அறிக்கை தயாரித்தபோது குழுவில் மூத்தவர் ஒருவர், "சின்னப் பையன், கோர்ட்டுல நிக்காது, மத்ததையும் கெடுத்துரும், விட்டுருவோம்" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அடித்தது என் பேனாதான். அறிக்கையில் 'ஊர் மக்கள் கூறியதாவது' என்ற சொற்றொடருக்குள் அந்தப் பையன் கரைந்துபோனான்.

இதற்கு வெகுகாலம் கழித்துத்தான் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலின் பதினோராவது அத்தியாயத்துக்கு வந்தேன். 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை மாதப் பகுதிகளாக வெளிவந்த நாவல் இது. சட்டப் பத்திரங்களை நகலெடுத்துப் பிழைக்கும் ஓர் ஆள் அபினியால் செத்துக் கிடக்கிறான். நீமோ என்று பெயர் வைத்துக்கொண்டவன். லத்தீனில் 'யாருமில்லை' என்று பொருள். சாராயக்கடை மாடியில் கரோனர் மரண விசாரணை நடத்துகிறார். செத்தவனோடு பேசிப் பழகிய ஒரே ஜீவன் ஜோ என்ற பையன். சேறும் குதிரைச் சாணமுமாகக் கிடக்கும் லண்டன் தெருவைக் கனவான்கள் கடந்துபோவதற்குத் துடைப்பத்தால் பாதை ஒதுக்கிக்கொடுத்துக் காசு வாங்குகிறவன். அவனைக் கூப்பிடுகிறார்கள். ஜோ என்பதைத் தவிர வேறு பெயர் அவனுக்கில்லை. அப்பா அம்மா கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை. பொய் சொல்வது தப்பு என்று தெரியும், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைவில்லை. பொய் சொன்னால் செத்தபிறகு என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது, பையனை ஒதுக்கி நிறுத்துங்கள் என்கிறார் கரோனர். கூடியிருப்பவர்களுக்கு மனம் நிறைந்துபோகிறது. நீதி கறைபடாமல் காப்பாற்றப்பட்டுவிட்டதல்லவா!

இதில் டிக்கன்ஸின் கற்பனை குறைவு. 1850 ஜனவரியில் லண்டன் கில்டுஹாலில் ஜார்ஜ் ரூபி என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு இதேதான் நடந்தது. அவனும் தெரு பெருக்குகிறவன்தான். போலீஸ்காரர் ஒருவர் தாக்கப்பட்ட வழக்கு. பிரமாணம் என்றால் என்ன, பிரார்த்தனை என்றால் என்ன, கடவுள் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றான். சாட்சியம் தள்ளப்பட்டது. டிக்கன்ஸ் நடத்திய செய்தி மாத இதழில் இந்த விசாரணை பதிவாகியிருக்கிறது. அவன் கண்ணால் பார்த்தது என்ன என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதைப் பரிதாபக் கதை என்று ஒதுக்கிவிடலாம். டிக்கன்ஸ் அடுத்துச் செய்வதுதான் விஷயம். மரணத் தீர்ப்பு பதிவானதும் அதே கரோனர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, டல்கிங்ஹார்ன் என்ற பெரிய வக்கீலும் பக்கத்தில் நிற்க, ஒரு மூலையில் வைத்து அந்தப் பையன் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார். பதிவேட்டில் ஏறத் தகுதியில்லாத பேச்சு மூலையில் கேட்கத் தகுதியானதாகிவிடுகிறது. பின்னால் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் டல்கிங்ஹார்ன் போலீஸ் துப்பறியும் அதிகாரி பக்கெட்டை வைத்து ஜோவைத் தன் அறைக்கே வரவழைக்கிறார். முக்காடு போட்ட ஒரு பெண்ணை நிறுத்தி, கல்லறையைக் காட்டச் சொல்லி உன்னிடம் வந்தது இவள்தானா என்று சோதிக்கிறார்கள். ஜோ சொல்கிறான்: உடுப்பு அதேதான், ஆனால் கை அதில்லை, மோதிரங்கள் இல்லை, குரலும் அதில்லை. எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காத துல்லியமான அடையாளம் காட்டல் இது. லேடி டெட்லாக் என்ற சீமாட்டியின் மொத்த ரகசியமும் இந்த ஒரு வாக்குமூலத்தில் தொங்குகிறது.

ஆக, அதிகாரம் விளிம்பில் இருப்பவனின் பேச்சைக் கேட்பதே இல்லை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவருகிறோமே, அது தப்பு. கேட்கிறது, கவனமாகவே கேட்கிறது. தனக்கு வேண்டிய அறையில், தனக்கு வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொண்டு, பதிவேட்டில் மட்டும் ஏற்ற மறுக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் பின்கட்டில் தகவல் சொல்பவனாக இருக்கிற அதே ஆள் கூண்டில் ஏறினால் நம்பத்தகாதவனாகிவிடுவதை நம் நண்பர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். கோட்பாட்டு நூல்களில் எனக்கு இது இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை. டி.ஏ. மில்லர் 1988இல் எழுதிய நூலில் விக்டோரிய நாவல் வடிவமே ஒருவிதப் போலீஸ் வேலை, கண்காணிப்பின் நீட்சி என்றார். ஃபூக்கோவைப் படித்த கையோடு அதைப் படித்துக் கிறங்கிப்போனவர்களில் நானும் ஒருவன். இப்போது எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பக்கெட்டையும் கரோனரையும் ஒரே வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரே வாயின் பேச்சு ஓரிடத்தில் குப்பையாகவும் இன்னோரிடத்தில் சரக்காகவும் ஆவதைக் காட்டுகிற பிரதியை வெறும் போலீஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக டிக்கன்ஸைத் தோளில் தூக்க வேண்டாம். ஜோ சாகிறபோது என்ன நடக்கிறது? அருகிலிருக்கும் டாக்டர் வுட்கோர்ட் கிறிஸ்தவ ஜெபத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்க, பையன் திருப்பிச் சொல்லிக்கொண்டே சாகிறான். பிரமாணம் தெரியாது என்று தள்ளப்பட்டவன் வாயில் கடைசியாகப் பிரமாணத்தின் மொழியையே திணித்துவிடுகிறார் ஆசிரியர். அப்புறம் தானே முன்னால் வந்து மகாராணியையும் பிரபுக்களையும் விளித்துப் பேசுகிறார். லட்சக்கணக்கான பேர் அழுதிருப்பார்கள். ஜோவுக்குச் சொல்ல இருந்தது கடைசிவரை ஜோ மொழியில் வரவில்லை.

1854க்கு வருவோம். அந்த ஆண்டு ஆகஸ்டில் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், தொழில்முறை அரசியல்வாதிகளும் ஒழுக்கவாதிகளும் சேர்ந்து சொன்னதைவிட அதிகமான அரசியல், சமூக உண்மைகளை டிக்கன்ஸ், தாக்கரே, பிராண்டே, காஸ்கெல் ஆகிய நாவலாசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று பாராட்டினார். நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பாராட்டு. அதே ஆண்டு டிசம்பரில் டிக்கன்ஸ் செய்ததை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

1845இல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் வடதுருவக் கடல்வழி தேடிப்போன 'எரிபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்களும் 129 பேரோடு காணாமல் போயின. ஹட்சன்ஸ் பே கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ரே என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1854இல் இன்யூட் மக்களைச் சந்தித்துப் பேசி, கப்பல்காரர்களின் பொருள்களையும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு லண்டன் திரும்பினார். வெள்ளைக்காரர்கள் பட்டினியால் நடந்தே செத்தார்கள், கடைசியில் செத்த கூட்டாளிகளின் சதையைத் தின்றிருக்கிறார்கள் என்பது இன்யூட்கள் சொன்ன செய்தி. அக்டோபரில் இது பத்திரிகையில் வந்ததும் இங்கிலாந்து கொதித்தது. டிக்கன்ஸ் தன் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில் டிசம்பரில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். என்ன வாதம்? காட்டுமிராண்டிகள் பேராசைக்காரர்கள், வஞ்சகர்கள், கொடூரமானவர்கள். அவர்களுடைய வாய்வார்த்தையை நம்பி ஆங்கில மாலுமிகள் மீது இப்படி ஒரு பழியைச் சுமத்துவதா? மொழிபெயர்ப்பாளனையும் நம்ப முடியாது. யார் கண்டது, அந்த இன்யூட்களே இவர்களைக் கொன்றிருக்கலாம்!

ஜோவை ஒதுக்கி நிறுத்திய கரோனரைக் கேலி செய்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதே கையால் எழுதுகிறார். பிரமாணம் தெரியாதவன் என்ற இடத்தில் காட்டுமிராண்டி என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு ரே எழுதிய மறுப்பையும் டிக்கன்ஸ் அதே இதழில் அதே மாதம் வெளியிட்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக நடந்தவனாக மாட்டேன். எனக்கு இந்த மக்களைத் தெரியும், பல ஆண்டு பழகியிருக்கிறேன், அவர்கள் பொய்யர்கள் இல்லை என்ற பொருளில் ரே எழுதினார். எடுபடவில்லை. மற்றத் துருவ யாத்திரைக்காரர்கள் பலருக்குக் கிடைத்த 'சர்' பட்டம் ரேவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இன்யூட்கள் சொன்னது உண்மை. கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவுகள் அவற்றில் கத்தி வெட்டுக் குறிகள் இருப்பதைக் காட்டின. 2014இல் 'எரிபஸ்' கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்யூட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியில்தான் கிடந்தது. 2016இல் 'டெரர்' கிடைத்ததும் ஓர் இன்யூட் கொடுத்த தகவலால். 2024இல் வெட்டுக் குறியுள்ள ஒரு தாடை எலும்பு 'எரிபஸ்' கேப்டனுடையது என்று மரபணுச் சோதனையில் உறுதியானது. நூற்று எழுபது வருஷம் காத்திருந்து எலும்பு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. 1857 எழுச்சியின்போது இந்தியாவில் தான் தளபதியாக இருந்தால் இந்த இனத்தையே துடைத்தெறிவேன் என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதியவரும் இதே டிக்கன்ஸ்தான். நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஆனால் டிக்கன்ஸுக்கே ஒரு கரோனர் வாய்த்தார். 'எடின்பரோ ரிவ்யூ' 1857 ஜூலை இதழில் நாவலாசிரியர்கள் எடுத்துக்கொள்ளும் வரம்பற்ற உரிமையைக் கண்டித்து ஒரு கட்டுரை வந்தது. டிக்கன்ஸின் 'லிட்டில் டாரிட்' நாவலில் வரும் உதவாக்கரை அரசாங்க அலுவலகம் பற்றித்தான் முக்கியக் கோபம். நிர்வாகம் பற்றி எதுவும் தெரியாத ஆள், ஆதாரமில்லாமல், பதில் சொல்லும் பொறுப்பில்லாமல் அரசாங்கத்தின் மேல் குற்றம் சுமத்துகிறார் என்பது வாதம். நாவலாசிரியனுக்குச் சாட்சி சொல்லும் தகுதி கிடையாது, ஒதுக்கி நிறுத்துங்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். வர்ஜீனியா வுல்ஃபுக்குப் பெரியப்பா. நமக்கும் ஒருவகையில் உறவுக்காரர்தான். 1869இலிருந்து 1872 வரை வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்து 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதித் தந்தவர் அவர். 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வரும்வரை நம் கீழ்க்கோர்ட்டு முதல் உச்ச நீதிமன்றம் வரை யார் சொல்லை நம்பலாம், எதை எழுதிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது அவருடைய வாக்கியங்கள்தான். நாவலாசிரியனின் சாட்சியத்தைத் தள்ளியவர்தான் நமக்குச் சாட்சியின் இலக்கணத்தை வகுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டத்தின் 118வது பிரிவுப்படி ஜோ தகுதியான சாட்சி! கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடிந்தால் போதும், வயது தடையில்லை. அடுத்த ஆண்டு வந்த சத்தியப் பிரமாணச் சட்டமும் பிரமாணம் எடுக்கத் தவறியதால் சாட்சியம் செல்லாமல் போகாது என்றது. பல மதம் பல சாமி கும்பிடுகிற காலனியை ஆள்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. காகிதத்தில் கதவைத் திறந்துவிட்டு, சுதேசிகள் பொய் சொல்கிறவர்கள் என்ற முன்முடிவை நீதிபதியின் காதுக்குள் வைத்துவிட்டார்கள். கோர்ட்டில் நிற்காது என்று லாட்ஜில் எங்கள் மூத்தவர் சொன்னபோது சட்டத்தின் எழுத்து அவர் பக்கம் இல்லை, காது அவர் பக்கம் இருந்தது. எனக்கு அன்றைக்கு இரண்டும் தெரியாது.

ஸ்டீபனின் சட்டம் இன்னொரு கதவையும் வைத்திருந்தது. பாலியல் வன்முறை வழக்கில் புகார் சொல்லும் பெண் பொதுவாகவே ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்றது 155வது பிரிவின் நான்காவது உட்பிரிவு. பெண்கள் அமைப்புகள் பல்லாண்டு போராடி, 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால்தான் அது நீக்கப்பட்டது. ஸ்டீபன் இங்கிலாந்து திரும்பி நீதிபதியாகி, 1889இல் கணவனுக்கு விஷம் வைத்ததாக ஃப்ளோரன்ஸ் மேபிரிக் என்ற பெண்மீது நடந்த வழக்கை விசாரித்தார். அவளுடைய கள்ள உறவைப் பற்றி ஜூரிகளிடம் அவர் நீளமாகப் பேசினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு குறைக்கப்பட்டது. அந்தப் பெண் பிரமாணத்தின் பேரில் தனக்காகத் தானே சாட்சி சொல்ல முடியவில்லை. பெரும்பாலான குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த உரிமை 1898 சட்டத்தால்தான் வந்தது.

இதைத் தெரிந்துகொண்டு ஹார்டியின் 'டெஸ்'ஸைத் திரும்பப் படித்துப் பாருங்கள். 1891இல் வந்த நாவல். தலைப்புக்குக் கீழே தூய்மையான பெண் என்று ஹார்டி போட்டது அப்பட்டமான சட்ட வாதம். ஒழுக்கங்கெட்டவள் என்று தொடங்கப்போகிற குறுக்கு விசாரணைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த பதில். வாரப் பத்திரிகை 'கிராஃபிக்'கில் தொடராக வந்தபோது சேஸ் காட்டு இரவை நீக்கிவிட்டுப் போலிக் கல்யாணம் ஒன்றை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. நூலாக வந்தபோது அந்த இரவு திரும்பி வந்தது. வந்தும், டெஸ் தூங்கிக்கொண்டிருக்கிறாள், பனிமூட்டம், அவ்வளவுதான். திருமண இரவில் அவள் கணவனிடம் தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போது அத்தியாயம் முடிகிறது. அடுத்தது அவள் சொல்லி முடித்த பிறகு தொடங்குகிறது. அலெக்கை அவள் கொல்வது, வீட்டுக்காரம்மா கண்ணில் கூரையில் பரவும் சிவப்புக் கறையாகத்தான் தெரிகிறது. நீதிமன்ற விசாரணை பற்றி ஒரு வரி கிடையாது. கம்பத்தில் ஏறும் கறுப்புக் கொடிதான் நமக்குத் தெரிகிறது. ஆக நான்கு இடங்களில் அவளுடைய சொல் இருந்திருக்க வேண்டும், நான்கிலும் இல்லை.

இதை நான் இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன். முன்பு, ஆண் எழுத்தாளன் பெண்ணின் வாயைப் பொத்திவிட்டான் என்று ஒரு கருத்தரங்கில் காரசாரமாகப் பேசினேன். கைதட்டினார்கள். இன்றைக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். ஹார்டி பதினாறு வயதில், 1856இல், டார்செஸ்டரில் மார்த்தா பிரவுன் என்ற பெண் தூக்கிலிடப்படுவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர். கணவனைக் குதிரை உதைத்துவிட்டது என்றே விசாரணை முழுக்கச் சொன்னவள் அவள். அவன் அடித்ததையும் தான் வெட்டியதையும் எல்லாம் முடிந்தபிறகுதான் சொன்னாள். கூண்டில் பெண்ணின் சொல்லுக்கு என்ன கதி என்று ஹார்டிக்குத் தெரியும். ஜோவின் வாயில் டிக்கன்ஸ் ஜெபத்தை வைத்த மாதிரி டெஸ்ஸின் வாயில் அவர் எதையும் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, வயலில் கதிர் கட்டும் பெண்கள் பேசிக்கொள்கிற இடத்தில், போன வருஷம் ஓர் இரவு சேஸ் காட்டில் யாரோ அழுத சத்தம் கேட்டதாம் என்று ஒருத்தி சொல்கிறாள். மயக்கினானா, பலவந்தப்படுத்தினானா என்று விமர்சகர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். கூலிக்காரப் பெண்ணின் இந்தக் கேள்விப்பட்ட பேச்சை அவர்களில் எத்தனை பேர் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள்? கேள்விச் சாட்சியம் செல்லாது என்று இலக்கிய விமர்சனமும் கோர்ட்டு மாதிரியே ஒதுக்கிவைத்திருக்கிறது.

ஜார்ஜ் எலியட்டின் 'ஆடம் பீட்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையைச் சாகவிட்ட ஹெட்டி விசாரணையில் வாயே திறப்பதில்லை. தூக்குத் தண்டனை விதித்த பிறகு, சிறையில், டைனா என்ற மெதடிஸ்ட் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். சட்டத்துக்கு அந்தச் சொல் எந்த உபயோகமும் இல்லாமல் போன பிறகு வருகிற சொல் அது. உடைந்து உடைந்து, திரும்பத் திரும்ப, குழந்தை அழுத சத்தத்தையே சுற்றிச்சுற்றி வருகிற அந்தப் பக்கங்கள் விக்டோரிய உரைநடையில் நான் படித்தவற்றிலேயே பெரியவை. 1802இல் நாட்டிங்ஹாமில் தூக்கிலிடப்பட்ட மேரி வோஸ் என்பவளோடு சிறையில் இருந்த தன் அத்தை சொல்லக் கேட்டது எலியட்டின் விதை. மேரி வோஸ் தொங்கினாள். ஹெட்டிக்குக் கடைசி நிமிடத்தில் குதிரையில் மன்னிப்பு வருகிறது. அதன் பிறகு எலியட்டுக்கு அவள்மேல் அக்கறை போய்விட்டது. நாடு கடத்தி, திரும்பும் வழியில் சாகடித்து, ஒரு வரியில் கணக்கை முடித்துவிடுகிறார். பேசிய பிறகு அவளை என்ன செய்வது என்று தெரியவில்லை போலும்.

வாச்சாத்தியில் 1992இல் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களின் சொல் தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பாக மாற 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023. அந்தப் பெண்கள் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதுகிற நம் கதைகளிலும் அறிக்கைகளிலும் அவர்கள் பேசுகிறார்களா, அல்லது ஜோ மாதிரி நாம் சொல்லிக்கொடுத்த வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள எனக்கு இந்தத் தலகாணி நாவல்கள் வேண்டியிருக்கின்றன. கண்டிக்க வேண்டிய தப்பு, கற்றுக்கொள்ள வேண்டிய துணிச்சல் இரண்டும் ஒரே ஆளிடம், சில சமயம் ஒரே வருஷத்தில் இருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

நண்பரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். மொத்த நாவலும் வேண்டாம். 'ப்ளீக் ஹவுஸ்' பதினோராவது அத்தியாயம், 1854 டிசம்பரில் டிக்கன்ஸ் எழுதிய அந்த இரண்டு கட்டுரைகள், ஜான் ரேவின் மறுப்பு, முடிந்தால் ஸ்டீபனின் கட்டுரையும். எல்லாம் காப்புரிமை முடிந்தவை. நூற்றைம்பது பக்கத்துக்குள் ஒரு சிறு புத்தகம் போடலாம். மூலையில் நடக்கும் அந்த விசாரணையை லண்டன் தெருப் பையன் பேசுகிற கொச்சையோடு தமிழில் கொண்டுவருவது சிரமம். எந்த வட்டாரப் பேச்சில் ஜோவைப் பேசவைப்பது என்றே எங்களுக்குள் சண்டை நடக்கிறது. முன்வருகிறவர்கள் எழுதுங்கள். ரேவின் மறுப்பை நான் தொடங்கிவிட்டேன்.